சத்தம் எங்கே என்பதற்கு முன், எப்போது என்று கேளுங்கள்

முன்பக்கத்து ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் புத்தம் புதியவை. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூட இன்னும் அழுக்காகவில்லை. ஆனால் பட்டறை வாசலில் உள்ள சிறு பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கியபோதே ‘டக்’ என்று கேட்டது. “இந்தச் சத்தத்துக்காகத்தான் இரண்டையும் மாற்றினேன். மாற்றிக்கொண்டு வெளியே வந்த அன்றே மறுபடியும் கேட்டது” என்றார் வண்டிக்காரர். குரலில் கோபத்தைவிடச் சோர்வுதான் அதிகம்.

வண்டியைத் தூக்குவதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது கேட்கிறதா, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது கேட்கிறதா?” கொஞ்ச நேரம் யோசித்தார். “வேகத்தடையில் அவ்வளவாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்தான்.”

அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. முன் சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே இணைக்கும் தண்டு ஒன்று உண்டு. ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வளைவில் வண்டி அளவுக்கு மீறிச் சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதான். இரண்டு சக்கரமும் சமமாக ஏறி இறங்கினால் அது தன்னைத் தாங்கும் ரப்பர் வளையங்களான புஷ்களுக்குள் சும்மா சுழன்று கொடுக்கும். ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போதுதான் முறுக்கப்படும். அந்த முறுக்கைச் சக்கரத்துக்குக் கடத்துபவை இரு முனைகளிலும் உள்ள லிங்க் ராடுகள். அவற்றின் சிறிய பந்து மூட்டு தேய்ந்துவிட்டால், முறுக்கு திசை மாறும் ஒவ்வொரு முறையும் பந்து தன் கிண்ணத்துக்குள் மோதும். நான் லிங்க் ராடைப் பிடித்துக் குலுக்கியபோது, அந்த மோதல் கட்டைவிரலுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது.

இதைச் சோதிப்பதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். தேய்ந்த லிங்க்கும் அப்போது இறுகிப்போய் நல்லதைப் போலவே காட்டும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். அப்போதுதான் ஆட்டம் கைக்கு அகப்படும்.

அந்த வண்டியில் தேவைப்பட்டவை இரண்டு லிங்க் ராடுகள். மாற்றப்பட்டவையோ இரண்டு ஷாக் அப்சார்பர்கள். இப்படி ஒன்றுக்கு வேறொன்றை மாற்றிவிட்டு வரும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. காதை மட்டும் நம்பியதுதான் காரணம். இரும்பு வழியே ஒலி வெகுதூரம் ஓடும். இடப்பக்கம் எழும் சத்தம் வலப்பக்கம் கேட்கலாம். கீழே தட்டுவது டேஷ்போர்டுக்குள் தட்டுவதுபோல் தோன்றலாம். ‘எங்கே’ என்ற கேள்விக்குக் காது பொய் சொல்லும். ‘எப்போது’ என்ற கேள்விக்கு அது அநேகமாகச் சரியாகவே பதில் சொல்லும்.

அதற்கும் முன்னதாக, வண்டியைக் காலி செய்யுங்கள். பின்பெட்டியில் உருளும் ஜாக்கி, தளர்ந்த மாற்றுச் சக்கரம், ஒரு போல்ட் விழுந்துபோன அடித்தகடு ஆகியவை சக்கரங்களை வண்டியோடு இணைத்து அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷனின் பழுதுபோலவே ஒலிக்கும். சக்கர நட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். அண்மையில் சக்கரம் கழற்றப்பட்ட வண்டி என்றால், இதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும்.

கீச்சென்ற சத்தத்தின் கதை வேறு. பெரும்பாலும் அது ரப்பரிலிருந்து வரும். வண்டி மெதுவாக அமுங்கி எழும்போது கேட்கும். முன்பக்கத்தைக் கையால் நாலைந்து முறை அழுத்திவிடுங்கள்; இன்னொருவர் சக்கரத்தின் அருகே குனிந்து கேட்கட்டும். சந்தேகப்படும் புஷ் மீது கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் தெளித்துவிடாமல், ஒன்றில் தெளித்து, அழுத்திப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். எதை நனைத்ததும் கீச்சொலி அடங்குகிறதோ, அங்கே தேடலாம். தண்ணீர் காய்ந்ததும் சத்தம் திரும்பிவிடும். அதனால் இது சோதனை மட்டுமே. இந்த இடத்தில் என்ஜின் ஆயிலையோ சாதாரண கிரீஸையோ தடவாதீர்கள். இயற்கை ரப்பர் அதில் ஊறிப் பருத்து மென்மையாகிவிடும். இரண்டு நாள் அமைதிக்காக ஒரு புஷ்ஷைக் கொல்வது அது.

புது புஷ் போட்ட சில மாதங்களிலேயே மறுபடியும் சத்தம் என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது, சக்கரத்தைக் கீழ்ப்பக்கமாக வண்டியின் அடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் போல்ட் எந்த நிலையில் முறுக்கப்பட்டது என்பதை. இது வேலை செய்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். பல புஷ்களில் ரப்பர் உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டப்பட்டிருக்கும். அது சுழலாது, முறுக்கித்தான் கொடுக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில்கூட அந்த முறுக்கு ஓய்வதில்லை. ரப்பர் சீக்கிரமே கிழிகிறது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, குறிப்பிட்ட அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குவதே முறை. பத்து நிமிடம் கூடுதலாகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தாதீர்கள்.

வண்டி நின்றிருக்க, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் ‘டொய்ங்’ என்று வில் தெறிப்பதுபோல் கேட்டால், ஸ்டிரட்டின் உச்சியிலுள்ள பேரிங்கைச் சந்தேகியுங்கள். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூணே ஸ்டிரட். ஸ்டிரட்டோடு சேர்ந்து ஸ்பிரிங்கும் சீராகத் திரும்ப வேண்டும். பேரிங் இறுகிவிட்டால் ஸ்பிரிங் முறுக்கேறி, தாங்க முடியாத ஒரு புள்ளியில் துள்ளி விடுபடும். ஒருவர் திருப்ப, இன்னொருவர் சுருளின் வெளிப்புறத்தில் விரல்நுனியை வைத்தால் அந்தத் துள்ளல் தெரியும். சுருள்களுக்கு நடுவே மட்டும் விரலை விடக்கூடாது. அப்படியே ஸ்பிரிங்கின் அடிச்சுருளையும் பார்த்துவிடுங்கள். பல வண்டிகளில் அந்த முனைதான் உடையும். உடைந்த துண்டு கிண்ணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஸ்டிரட்டை நீங்களே கழற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஸ்பிரிங் கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கை ஒடுக்காமல் நடு நட்டைத் தொடாதீர்கள். அமுங்கி நிற்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வலிமை உள்ளது.

பிரேக் பிடித்ததும் ஒரே ஒரு ‘டொக்’, விட்டதும் இன்னொன்று என்றால் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் கிழிந்து, சக்கரம் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். கரடுமுரடான பாதையில் கடகடக்கும் சத்தம், பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் பிரேக் பேடோ, அதை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரோ தளர்ந்து ஆடுகிறது. சஸ்பென்ஷனைக் குறை சொல்ல வேண்டாம். முழுதாகத் திருப்பி வேகமெடுக்கும்போது ‘டிக் டிக் டிக்’ என்று வேகத்தோடு சேர்ந்து விரைந்தால், அது என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் ஆக்ஸிலின் வெளிப்பக்க மூட்டான சிவி ஜாயின்ட்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த பாகத்துக்கு வருகிறேன்: பால் ஜாயின்ட். லோயர் ஆர்மின் முனையைச் சக்கரத்தின் பக்கத்தோடு இணைக்கும் பந்து மூட்டு அது. மேலே சொன்ன பெரும்பாலான சத்தங்களோடு நீங்கள் வண்டியைப் பட்டறைவரை ஓட்டிவர முடியும். பால் ஜாயின்ட் கழன்றால் முடியாது. சக்கரம் வெளியே மடங்கிவிடும். அதற்குப் பிறகு ஸ்டீயரிங் உங்கள் சொல் கேட்காது.

ஒருமுறை ஒரு குடும்பம் நெடும்பயணத்துக்குக் கிளம்பும் முன் வண்டியைக் காட்ட வந்தது. “லேசாக ‘கர்ர்’ என்கிறது, ரொம்ப நாளாகவே இருக்கிறது” என்றார்கள். பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் துருவும் மணலும் சேர்ந்த சிவப்புச் சேறு இருந்தது. நெம்புகோலை வைத்து மெல்ல அழுத்தினேன். பந்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எழுந்து இறங்கியது. பிள்ளைகளை உட்கார வைத்திருந்த வண்டி அது. பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடச் சொன்னேன். தள்ளிப்போட்டார்கள்.

இதைச் சோதிக்கவும் ஜாக்கியின் இடம் முக்கியம். ஸ்பிரிங் ஸ்டிரட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியில், பாடியின் ஜாக்கிப் புள்ளியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்காரும் வண்டியில், அந்த ஆர்மின் அடியிலேயே, சக்கரத்துக்கு அருகில் தூக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஆட்டத்தை மறைத்துவிடும். எப்படித் தூக்கினாலும் ஸ்டாண்டு வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட்டையும் ஸ்டிரட்டையும் பாருங்கள். இடமும் வலமும் ஆட்டினால் தெரிவது பெரும்பாலும் டை ராடு எண்ட், அதாவது ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் முனை மூட்டு.

பட்டறைக்குப் போகும்போது “முன்னால் சத்தம் வருகிறது” என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்த வேகத்தில், ஏறும்போதா இறங்கும்போதா, திருப்பும்போதா, பிரேக்கிலா, காலைக் குளிரிலா, ஓடிச் சூடான பிறகா என்று குறித்துவையுங்கள். முடிந்தால் மெக்கானிக்கை உட்கார வைத்து, சத்தம் வரும் இடத்தில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். ஸ்டிரட், டை ராடு, லோயர் ஆர்ம் ஆகியவற்றில் எது மாற்றப்பட்டாலும் வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேய்ந்த லிங்க் ராடு என்றால் அதன் பந்து கையிலேயே தளர்ந்து ஆடும். புதியதோடு பக்கத்தில் வைத்துத் திருப்பினால் வித்தியாசம் உடனே தெரியும். அன்று வந்த அந்த வண்டிக்காரரிடம் பழைய ஷாக் அப்சார்பர்கள் இல்லை. அவை உண்மையில் பழுதாக இருந்தனவா என்று அவர் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.