அழைப்பிதழ் படமாக வந்தால் திரைவாசிப்பான் என்ன சொல்லும்?

வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழைப்பிதழ் வருகிறது. மேலே குத்துவிளக்கு, நடுவில் தங்க நிற எழுத்து, அடியில் க்யூஆர் கட்டம். கூடவே 'அனைவரும் வருக' என்று ஒரு வரி, மூன்று கும்பிடு இமோஜி. பார்வையற்றவரின் கைப்பேசியில் உள்ள திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள், இதை வாசிப்பது இப்படி: "படம். அனைவரும் வருக. கூப்பிய கைகள், கூப்பிய கைகள், கூப்பிய கைகள்." என்ன நிகழ்ச்சி, எந்த நாள், எந்த இடம் என்பதெல்லாம் படத்துக்குள்ளேயே கிடக்கிறது.

ஐஃபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக், கணினியில் என்விடிஏ அல்லது ஜாஸ். இவைதாம் இங்கே சிங்கப்பூரில் பலரும் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள். எழுத்தாக இருப்பதை அவை தடங்கலின்றி வாசிக்கும். படத்தைப் பொறுத்தவரை, படத்தைச் சொற்களில் விவரித்து யாராவது அதனுடன் எழுதி வைத்த 'மாற்று உரை'யைத்தான் நம்பியிருக்கின்றன. இணையப் பக்கத்தில் அது இல்லாவிட்டால் சில சமயம் கோப்பின் பெயரையே, ஓர் இலக்கம் விடாமல், ஒப்பிக்கும்.

"எங்கள் குழுவில் பார்வையற்றவர் யாருமில்லையே" என்பார்கள். நீரிழிவாலோ குளுக்கோமாவாலோ ஐம்பது, அறுபது வயதில் பார்வை மங்கியவர்கள் அதைக் குழுவில் அறிவிப்பதில்லை. படத்தை இரு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் மாற்று உரைக்கென்று தனிப் பெட்டி கிடையாது. ஆகவே படத்தின் கீழ் எழுதும் வரியில்தான் எல்லாம் இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

"சிறுவர் கதை நேரம். ஏப்ரல் 12, சனிக்கிழமை, மாலை 4 முதல் 5 மணி வரை. தோ பாயோ பொது நூலகம். 5 முதல் 8 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு. கட்டணம் இல்லை. ஏப்ரல் 9க்குள் பதிவு செய்ய வேண்டும்." அடுத்த வரியில் பதிவு இணைப்பு.

இடம் எழுதும்போது 6 இலக்க அஞ்சல் குறியீட்டையும், எம்ஆர்டி ரயில் நிலையத்தின் எந்த வாசல் என்பதையும் சேருங்கள். பேருந்து என்றால் நிறுத்தத்தின் 5 இலக்க எண். வெள்ளைக்கோலுடன் வருபவருக்கு 'எம்ஆர்டி அருகில்' என்பது முகவரியே ஆகாது. க்யூஆர் கட்டம் இன்னொரு தொல்லை: படம் வந்து சேர்ந்த கைப்பேசியாலேயே அதை ஸ்கேன் செய்வது பார்வையுள்ளவருக்கே சுற்றுவழி. இணைப்பை எழுத்தாகக் கொடுங்கள். பேநவ் என்ற மின்பணமாற்று வழியில் கட்டணம் என்றால், அமைப்பின் பதிவு எண்ணான யூஇஎன்னும் வேண்டும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், எக்ஸ், லிங்க்ட்இன் நான்கிலும் மாற்று உரைக்கு இடமுண்டு. ஃபேஸ்புக்கில் படத்தின் திருத்தும் பகுதியிலும், இன்ஸ்டகிராமில் பகிர்வதற்கு முந்தைய கடைசித் திரையின் கூடுதல் தெரிவுகளிலும் தேடுங்கள். நாம் எழுதாமல் விட்டால் ஃபேஸ்புக் தானே ஊகித்து, 'மூன்று பேர் நிற்கும் படமாக இருக்கலாம்' என்ற ரீதியில் ஒன்றைப் போட்டுவிடும். பரிசளிப்பு விழாப் படத்துக்கு அது எதற்கு உதவும்? எக்ஸில் 1000 குறிகள் வரை எழுதலாம். தமிழில் கணக்கு கொஞ்சம் இடிக்கும். 'பொங்கல்' நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு, ஏனென்றால் புள்ளியையும் கொம்பையும் அது தனியாக எண்ணுகிறது.

என்ன எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். படத்தில் தெரிவதையெல்லாம் அடுக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் அந்தப் படம் எதற்காக இருக்கிறதோ அதை எழுதினால் போதும். ஒரு கோலத்தை எடுத்துக்கொள்வோம். பொங்கல் செய்தியில் அது வந்தால், 'வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு பெண்கள் வண்ணக் கோலம் போடுகிறார்கள்' என்பது நிறைவு. கோலப் பயிற்சிப் பக்கத்தில் அதே படம் வந்தால் அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. அங்கே வேண்டியது '15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை' என்பது. நடுவரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8இல் நிற்கும் என்று அந்த ஒரு வரியிலேயே வடிவம் விரிந்துவிடுகிறது. கோலத்தை வாயால் சொல்லும் முறை நம்மிடம் என்றோ வந்துவிட்டது. மாற்று உரையும் அந்த வேலைதான்.

'இது ஒரு புகைப்படம்' என்று தொடங்க வேண்டாம். படம் என்பதைத் திரைவாசிப்பானே முதலில் சொல்லிவிடும். ஓவியமா, கேலிச்சித்திரமா என்பது முக்கியமானால் மட்டும் குறிப்பிடுங்கள். வெறும் அலங்காரப் பூச்சரத்துக்கு இணையப் பக்கத்தில் மாற்று உரையைக் காலியாக விடலாம். ஆனால் பக்கத்தின் நிரலில் படத்துக்கான குறியில் 'alt' என்ற பண்பு இருக்க வேண்டும், அதன் உள்ளே ஒன்றும் இருக்கக்கூடாது. பண்பையே எழுதாமல் விட்டால் கோப்பின் பெயர் ஒப்பிக்கும் கதைதான். விலைப்பட்டியல், வகுப்பு அட்டவணை, தைப்பூசத்துக்குச் சாலை மூடும் வரைபடம் போன்றவை மாற்று உரைக்குள் அடங்கா. எந்தச் சாலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று பதிவிலேயே வரிவரியாக எழுதிவிட்டு, மாற்று உரையில் 'விவரம் கீழே' என்று காட்டுங்கள்.

தமிழுக்கே உரிய வம்பு பாமினி எழுத்துரு. வடிவமைப்பாளர்கள் பலர் இன்னும் அதில்தான் தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது உள்ளே 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற ஆங்கிலக் குறிகள்தாம். திரைவாசிப்பானுக்குத் தெரிவதும் அவைதாம். அந்தக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, 'படம் இல்லை, எழுத்துதானே' என்று அனுப்புவதில் பயனில்லை. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு தவிர வேறெதிலும் வாங்காதீர்கள் என்பதே எங்கள் பிடிவாதம். இணையப் பக்கத்தில் மொழி தமிழ் என்ற குறியும் இருக்க வேண்டும். இல்லையேல் சில ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டதும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிறவேறுபாடு, அதாவது ஒளிர்வு விகிதம், முக்கியம். பன்னாட்டு அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கிறது. வெள்ளையில் தங்க மஞ்சள் எழுத்து ஏறத்தாழ 1.4:1தான் வரும், அதே மஞ்சளை அரக்குச் சிவப்பில் வைத்தால் 7:1ஐத் தாண்டும். மங்கலான எழுத்தில் முதலில் மறைவது புள்ளி. 'பட்டம்' என்று நீங்கள் எழுதியது அவருக்குப் 'படடம' என்று தெரியும்.

"இப்போதுதான் ஏஐ படத்தைப் படித்துச் சொல்கிறதே" என்ற கேள்வியும் வரும். பி மை ஐஸ், சீயிங் ஏஐ போன்ற செயலிகள் உண்மையிலேயே கைகொடுக்கின்றன. ஆனால் அலங்கார எழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒன்றாகிவிடும், 6 மணி 8 மணியாகிவிடும். தவறியதைக் கேட்பவர் சரிபார்க்க வழியில்லை. நாள் தெரிந்தவர் எழுதிவிட்டால் ஒரு நிமிட வேலை.

சிங்கப்பூர் அரசின் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் ஊபி போன்ற இணையப் பக்கச் சோதனைக் கருவிகள் மாற்று உரை விடுபட்ட இடங்களைப் பிடித்துக் கொடுக்கும். எழுதியது சரியா என்று அவற்றுக்குத் தெரியாது; 'படம் 1' என்று எழுதினாலும் பல சமயம் விட்டுவிடும். அதற்குக் காதுதான் வேண்டும். கணினியில் என்விடிஏ இலவசம். அதைப் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, பக்கத்தில் 'ஜி' விசையை அழுத்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அடுத்த படம் வரும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் இரண்டு ஒலி விசைகளையும் 3 விநாடி சேர்த்துப் பிடித்தால் டாக்பேக் வரும். ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் ஓடும்போது மூன்று விரலால் மும்முறை தட்டினால் திரை கறுத்துவிடும். அப்படியே உங்கள் அழைப்பிதழைத் திறந்து, எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.