செல்ஃப் சுற்றவில்லையா? மோட்டார் மேல் உடனே கை வைக்காதீர்கள்

பழைய கார்களில் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் நல்ல செல்ஃப் மோட்டாரைக் கழற்றி எடுத்து வந்து, "இது போயிடுச்சு, வேற போடுங்க" என்று நீட்டுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கடைசியாக வந்தவர் புது மோட்டாரே வாங்கிப் பூட்டிப் பார்த்துவிட்டார். அதுவும் அசையவில்லை. பழையதை மேஜையில் இறுக்கிக் கரண்ட் கொடுத்தேன், விர்ரென்று சுற்றியது. கோளாறு எஞ்சினையும் பாடியையும் இணைத்து, கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழிவிடும் எர்த் பட்டையில். வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தவர்கள் அந்தப் பெயின்ட் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். பெயின்ட் வழியே கரண்ட் போகாது.

"ஹாரன் அடிக்குது, லைட் எரியுது, பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" இந்த ஒரு கேள்விதான் எல்லோரையும் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து எடுப்பது 10 ஆம்பியருக்குள். செல்ஃப் எடுப்பது 150, 200 ஆம்பியர்; எஞ்சின் குளிர்ந்திருந்தால் இன்னும் கூட. துருப்பிடித்த ஒரு டெர்மினலில் வெறும் 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். லைட் போடும்போது அங்கே 0.2 வோல்ட்தான் போகும், கண்ணுக்கே தெரியாது. அதே இடத்தில் 150 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் போய்விடும். லைட் எரிவதால் லைட்டுக்குப் போதுமான கரண்ட் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். செல்ஃபைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

லைட்டை வைத்தே சோதிக்க வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். லைட் அப்படியே அணைந்துபோனால் பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள். கொஞ்சமும் மங்காமல் நின்றால் மோட்டாருக்குக் கரண்ட்டே போகவில்லை: சுவிட்ச், சொலினாய்டு (மோட்டாருக்குப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்), தேய்ந்த கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித் துண்டு), இவற்றில் ஒன்று. நன்றாக மங்கியும் மோட்டார் அசையாவிட்டால் பினியன் (மோட்டாரின் சிறு பல்சக்கரம்) எஞ்சினின் பெரிய பல்சக்கரமான ரிங் கியரில் சிக்கியிருக்கலாம், அல்லது எஞ்சினே இறுகியிருக்கலாம். மோட்டார் சுற்றும் வேகத்திலேயே பினியன் முன்னேறிப் பல்லில் மாட்டும் பழைய பென்டிக்ஸ் வகையில் அது சிக்குவது சகஜம். இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விடுபடும்.

அப்புறம் மல்டிமீட்டர். சார்ஜ் நிறைந்த 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்காவிட்டால் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும் (மேலே மாட்டும் கிளாம்பில் அல்ல), மறுமுனையை மோட்டாரின் டெர்மினலிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை. எர்த் பக்கத்தில் பேட்டரியின் எர்த் குமிழுக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே 0.3 தாண்டினாலே சந்தேகப்படுங்கள். எஞ்சின் கரண்ட் கடத்தாத ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, எர்த் பட்டை கெட்டால் கரண்ட் சோக் கேபிள் (டாஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் இழுகம்பி) போன்றவற்றின் வழியாகத்தான் திரும்பும். செல்ஃப் அடித்தபின் சோக் கேபிள் சுட்டால் வேறு எதையும் தேட வேண்டாம்.

6 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கேபிளைப் போடாதீர்கள். அதே சக்திக்கு இரட்டிப்புக் கரண்ட் ஓட வேண்டும், தடிமனான கேபிள் கட்டாயம். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணையும் எர்த். பேட்டரி மாட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது எப்போதும் எர்த் டெர்மினல் முதலில்.

சுத்தியலால் தட்டி ஓட்டுகிறீர்களா? தட்டினால் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் பிரஷ் தேய்ந்திருக்கும், பார்த்து மாற்றுங்கள்.

ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டை ஷார்ட் செய்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கியரில் இருக்கும் வண்டி உங்கள் மேலேயே பாய்ந்துவிடும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் இடத்தில் அந்தத் தீப்பொறியும் ஆபத்து. சோதனைக்குத் தேவைப்பட்டால் நீளமான வயரோடு ரிமோட் சுவிட்ச் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்து மோட்டார்தான் என்று உறுதியானாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பிரஷ், புஷ் (அச்சைத் தாங்கும் உலோக வளையம்) இரண்டையும் மாற்றி, பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்தால் பெரும்பாலானவை திரும்ப ஓடும்.