இறால் தோட்டைக் கஞ்சியில் போடாதீர்கள்

கொல்லங்கோட்டுப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய கடலோரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். போன வாரம் வந்த பையனோடு சேர்த்து இந்த வருஷம் இது மூன்றாவது ஒவ்வாமைக் கேஸ். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது. தொடையில் அட்ரினலின் போட்டு, அவன் தெளிந்த பிறகு அம்மாவிடம் கேட்டேன்.

"இவனுக்கு இறால் ஆகாதுன்னு தெரியும் டாக்டரே. அதனால சதை ஒண்ணும் குடுக்கல்ல. தோட்டைக் காயவச்சுப் பொடிச்சுக் கஞ்சியில போட்டேன். எலும்புக்கு நல்லதுன்னு போன்ல வந்தது."

சதை ஆகாது, தோடு ஆகும் என்று யார் போட்ட கணக்கு இது? ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் டிரோப்போமயோசின் என்ற தசைப் புரதம். உரித்த தோட்டின் உள்பக்கத்தை விரலால் வழித்துப் பாருங்கள், சதை ஒட்டியிருக்கும். தலையில் இன்னும் அதிகம். வெயிலில் காயவைத்தாலும் அது போகாது, வறுத்தாலும் போகாது. இந்தப் பையனுக்கு முதலில் தடித்ததே வெந்த இறாலைத் தின்றுதானே? சூட்டில் அழிகிற சமாசாரமாக இருந்தால் அன்றைக்கே ஒன்றும் ஆகியிருக்காதே! பொடியாக்கினால் மூக்கு வழியாகவும் போகும். இறால், நண்டு ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு மூச்சிளைப்பு வருவது எங்கள் பாடப் புத்தகத்தில் பழைய சங்கதி.

"கொச்சியில இதிலேர்ந்துதான மருந்து எடுக்கிறாங்க?" என்று கேட்டார் அம்மா. எடுக்கிறார்கள்தான். அங்குள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதற்கான முறையையே உருவாக்கியிருக்கிறது. ஆனால் யாரும் தோட்டை மிக்ஸியில் அரைப்பதில்லை. காரத்தில் புரதத்தை நீக்கி, அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்தால் மிஞ்சுவது கைட்டின். அதை 40–50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான். ரத்தத்தை நிறுத்தும் கட்டுத்துணி அதில் செய்கிறார்கள். கைட்டினை அடர்ந்த அமிலத்தில் வேகவைத்தால் மூட்டுவலிக்காரர்கள் வாங்கும் குளுக்கோசமைன். (அது எவ்வளவு கேட்கும் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு.) இத்தனை வேலையையும் உங்கள் வயிறு செய்துவிடும் என்று நம்பாதீர்கள். கால்சியம்தான் வேண்டுமென்றால் நெத்திலியை முள்ளோடு தின்னுங்கள்.

அப்புறம், வீடியோ பார்த்து, வீட்டிலேயே கைட்டோசான் செய்யக் காஸ்டிக் சோடாவை வாங்கி வந்து அடுப்பில் வைக்கிற தம்பிமார்களே, தயவுசெய்து வேண்டாம். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். தெறித்துவிட்டால் அரை மணி நேரமாவது குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு ஓடி வாருங்கள். எலுமிச்சைச் சாறு விடவே கூடாது.

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குளுக்கோசமைனைக் கேட்காமல் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கசியலாம். இறால் ஆகாதவர்கள் அந்த மாத்திரைக்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். சுத்திகரித்த மருந்து பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனாலும் கேளுங்கள். உடம்பு இளைக்கக் கைட்டோசான் விழுங்குவது காசுக்குக் கேடு.

தோட்டை வீணாக்கவும் வேண்டாம். உப்புப் போகக் கழுவி வாழை மூட்டில் புதைக்கலாம். கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகினால், வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு குறையும்.

அந்த அம்மா வீட்டில் இன்னும் ஒரு டப்பா பொடி மிச்சம் இருக்கிறதாம். செவ்வாழைக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். ஓரடி ஆழத்தில், இல்லாவிட்டால் நாய் தோண்டும். பையன் கையால் வேண்டாம்.