பிணை கிடைத்தும் ஏன் வெளியே வர முடியவில்லை?

இலங்கை மலையகத்துத் தோட்டத்தில் ஒருவரைப் பொலிஸ் பிடித்துப்போனால் முதலில் நேரத்தைக் குறித்துவையுங்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. "வெள்ளிக்கிழமை பிடித்தோம், இனித் திங்கள்தான் கோர்ட்" என்று சொன்னால் நம்பித் திரும்பி வராதீர்கள். சனி, ஞாயிறு என்றாலும் நீதவானுக்குப் பதிலாகக் கடமை பார்க்கும் பதில் நீதவான் முன் கொண்டுபோகலாம். கைதுக்கான காரணத்தையும் சொல்லியாக வேண்டும். அது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது வாக்குமூலத்தில். கேள்வி பாதி தமிழில் இருக்கும், எழுதுவதெல்லாம் சிங்களத்தில் இருக்கும், கடைசியில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அரச அதிகாரியோடு தமிழில் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாசித்து, தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வேண்டாம். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து உங்களுக்காகப் பேசலாம். அதற்கு 2012இல் விதிகள் வந்துவிட்டன. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டியது அரசின் கடமை.

பிணைக்கு 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம். பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது அது. "பிணை கொடுக்க முடியாத குற்றம்" என்று யாராவது சொன்னதும் மனம் விடாதீர்கள். அதற்கும் நீதிமன்றம் தன் விருப்பதிகாரத்தில் பிணை கொடுக்கலாம். கொலை போன்ற குற்றச்சாட்டுக்கு மேல் நீதிமன்றம் போக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் இந்தச் சட்டம் உதவாது.

சரி, பிணை கிடைத்துவிட்டது. அப்புறம்தான் உண்மையான அலைச்சல். ஹட்டனிலோ பதுளையிலோ நீதிமன்ற வாசலில் சந்தோஷப்பட்ட குடும்பம், சாயந்தரம் ஆளில்லாமல் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) திரும்புவதை எத்தனை முறை பார்ப்பது? இரண்டு சரீரப் பிணை என்பார்கள், அதாவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட இரண்டு ஆட்கள். பிணை நிற்பவர் அடையாள அட்டையோடு கிராம சேவகரின் வதிவிடச் சான்றும் கொண்டுவர வேண்டியிருக்கும். கிராம சேவகர் ஆபீஸில் இருக்கும் நாள் பார்த்துப் போக வேண்டும். பிரதேச செயலகத்தின் மேலொப்பம் கேட்டால் இன்னொரு பஸ். அட்டையில் பழைய டிவிஷன், சான்றில் புது டிவிஷன் என்றால் திருப்பி அனுப்புவார்கள். லயத்துக்கு இலக்கமில்லாதது குடியிருப்பவரின் குற்றமா? ஒவ்வொரு நடைக்கும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது, உள்ளே இருப்பவருக்கோ இன்னொரு ராத்திரி கூடுகிறது.

அதனால் பிணைக் கட்டளைக்காகக் காத்திருக்காமல், கைதான அன்றே மூன்று பேரைத் தயார் செய்து சான்றுக்கு அனுப்புங்கள். எப்படிப்பட்ட பிணையாளியை அந்த நீதிமன்றம் ஏற்கும், நெருங்கிய உறவினர்தான் வேண்டுமா என்று சட்டத்தரணியிடம் முன்பே கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் ஆட்களை வாசலில் பிடிக்க வேண்டாம். பொய்ச் சான்று பிடிபட்டால் பிணையே போய்விடும்.

நிபந்தனை பாரமாக இருந்தால் பேசாமல் இருக்காதீர்கள். பிணையாளி இல்லாமல் அவருடைய சொந்தப் பிணைமுறியிலும் விடலாம், தொகை மிதமிஞ்சக் கூடாது என்கிறது சட்டம். ஆள் உள்ளேயே கிடப்பது நீதவானுக்குத் தானாகத் தெரியவராது. நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கான எழுத்து விண்ணப்பம்) போட்டு நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்; வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம்.

தீர்ப்பில்லாமல் 12 மாதம் கடந்தால் பிணை கேட்கும் உரிமை தனியாக இருக்கிறது. அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர் விண்ணப்பித்து நீடிப்பு வாங்கலாம், அதுவும் ஒரு தடவைக்கு மூன்று மாதம்தான்.

வெளியே வந்தவர் வழக்குத் தவணை நாளைத் தவறவிட்டால் பிடியாணை வரும், பிணை நின்றவர் தலையில் பணம் விழும். சுகமில்லை என்றால் அன்றே மருத்துவச் சான்றைச் சட்டத்தரணியிடம் சேர்த்துவிடுங்கள்.

அடித்தார்கள், காரணமில்லாமல் அடைத்துவைத்தார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அதன் அலுவலகங்கள் இருக்கின்றன, அவசர இலக்கம் 1996. காயமிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் முதலில் பதிவு செய்துவிட்டு அழையுங்கள்.