லீஷர் பேட்டரி: தமிழில் என்ன சொல்வது?

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் ஒருவர் பழைய டெலிவரி வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து, விடுமுறைக்கு விடுமுறை ஊர் சுற்றுகிறார். ஒரு ஜனவரியில் போன் செய்தார். "வண்டியில ரெண்டு பேட்டரி இருக்கு. லீஷர் பேட்டரி ஃபுல். ஆனா சாவியைத் திருப்பினா டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்" என்றார். நாலு வாரமாக வண்டிக்கு வீட்டிலிருந்து கரண்ட் கொடுத்து வைத்திருந்தாராம்.

எனக்கு வண்டியைவிட அந்தச் சொல்தான் மனதில் நின்றது. லீஷர் என்றால் ஓய்வு. விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் என்று ராத்திரி பகலாக உழைப்பது இந்த பேட்டரி. காலையில் வண்டியைக் கிளப்பச் சில வினாடி வேலை பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது மற்றது. பெயரை மாற்றி வைத்துவிட்டார்களோ?

பெயர் வந்த வழி வேறு. லத்தீனில் 'லிகேரே' என்றால் அனுமதிக்கப்பட்டிருத்தல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து லீஷர் ஆனது. வேலைக்காரனுக்கு அனுமதிக்கப்பட்ட நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸும் இதே வேரில் கிளைத்ததுதான். பிரிட்டனில் கேரவன், கேம்பர்வேன் (நண்பருடையதுபோல வீடாக்கிய வேன்), படகு போன்ற பொழுதுபோக்கு வண்டிகளை ஒட்டுமொத்தமாக லீஷர் துறை என்பார்கள். அந்த வண்டிகளுக்கான பேட்டரி, லீஷர் பேட்டரி. அமெரிக்கர்கள் 'ஹவுஸ் பேட்டரி' என்கிறார்கள், அதாவது வண்டிக்குள் இருக்கும் வீட்டுக்கான பேட்டரி. எனக்கு இதுவே மேல் என்று தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில் 'ஆக்ஸிலரி', அதாவது துணை பேட்டரி.

(வேன் என்பதே கேரவனின் வால்துண்டு. அது பாரசீக 'கார்வான்'. பாலைவனத்தில் கூட்டமாகப் போகும் வணிகர் குழு. பழந்தமிழில் அதற்குச் சாத்து என்று பெயர். கோவலனின் அப்பா மாசாத்துவான் பெயரில் இருப்பது அந்தச் சாத்துதான்.)

பேட்டரி என்ற சொல் பீரங்கியிலிருந்து வந்தது. பிரெஞ்சில் 'பாட்ர்' என்றால் அடி. கோட்டைச் சுவரை அடித்து நொறுக்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகள் 'பாத்ரீ'. 1749இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 11 கண்ணாடிப் பலகைகளின் இருபுறமும் ஈயத் தகடு பொருத்தி, எல்லாவற்றையும் இணைத்து, ஒரே நேரத்தில் மின்சாரத்தை வெளியேற்றினார். லண்டன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்த வரிசையை மின்சார பேட்டரி என்றார். உண்மையில் அது மின்சாரத்தை உண்டாக்கவில்லை, தேக்கி மட்டுமே வைத்தது. மின்சாரம் தரும் அடுக்கை வோல்ட்டா 1800இல் அறிவித்தார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய-அமில பேட்டரி, பிரெஞ்சுக்காரர் கஸ்தோன் பிளாந்தே 1859இல் செய்தது.

ஆக, பேட்டரி என்ற சொல்லுக்குள் 'பல சேர்ந்தது' என்ற பொருள் இருக்கிறது. தமிழ்ப் பாடநூல்கள் இதைச் சரியாகப் பிடித்து, ஒன்று என்றால் மின்கலம், பல சேர்ந்தால் மின்கலவடுக்கு என்று பிரித்தன. வண்டியின் 12 வோல்ட் பேட்டரி, சுமார் 2.1 வோல்ட் கலங்கள் ஆறு சேர்ந்தது. கறாராகப் பார்த்தால் அது அடுக்குதான். ஆனால் பேச்சிலும் பத்திரிகையிலும் மின்கலம் என்றே நிலைத்துவிட்டது. அதோடு சண்டை போடுவதில் பயன் இல்லை. இலங்கையில் பற்றரி என்று எழுதுவதையும் பார்க்கலாம்.

இரண்டு பேட்டரிக்கும் என்ன வித்தியாசம்? 1912இல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. சார்லஸ் கெட்டரிங் செய்தது. அதற்கு முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். அந்த ஸ்டார்ட்டரைத்தான் நம் ஊர் டிரைவர்கள் 'செல்ஃப்' என்கிறார்கள். செல்ஃபுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும், ஆனால் கண நேரத்துக்கு. 200 ஆம்பியர் 3 வினாடி இழுத்தாலும் செலவானது 0.17 ஆம்பியர்-மணிதான் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). கேம்பர்வேனின் ஃபிரிட்ஜ் சராசரியாக 1.5 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளுக்கு 36 ஆம்பியர்-மணி. அந்தக் கரண்டில் 200 தடவைக்கு மேல் வண்டியைக் கிளப்பிவிடலாம். அதனால் ஸ்டார்ட்டர் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். அடிமட்டம் வரை இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். லீஷர் பேட்டரிக்குத் தடித்த தகடுகள். மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பார்ப்பதும் இதே வேலைதான். அதற்காக லீஷர் பேட்டரியையும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 50தான் நம் கையில் இருப்பது என்று கணக்கு வைக்க வேண்டும். லித்தியம் என்றால் இன்னும் கீழே போகலாம். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு சார்ஜ் ஏற்றக் கூடாது.

சரி, தமிழ்ப் பெயருக்கு வருவோம். 'ஓய்வு மின்கலம்' என்றால் பென்ஷன் வாங்குவதுபோல இருக்கிறது. 'பொழுதுபோக்கு மின்கலம்' அதைவிட மோசம். எங்கள் வீட்டில் குடத்தில் இருப்பது குடிதண்ணீர், தொட்டியில் இருப்பது புழங்குகிற தண்ணீர். வீட்டில் அன்றாடம் கையாள்வதற்குப் புழங்குதல் என்ற அருமையான சொல் இருக்கும்போது வேறு ஏன் தேட வேண்டும்? புழங்கு மின்கலம். வெறும் புழங்குகலம் என்றால் அடுப்பங்கரைப் பாத்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள், அதனால் 'மின்' வேண்டும். ஸ்டார்ட்டர் பேட்டரிக்குத் துவக்கு மின்கலம் என்று எழுதலாம். எனக்குப் பிடித்தது கிளப்பு மின்கலம். வண்டியைத் துவக்கினேன் என்று யாரும் சொல்வதில்லை. பேச்சில் புழங்கு பேட்டரி, கிளப்பு பேட்டரி என்றாலும் குறையில்லை.

சார்ஜ் ஏற்றும் விஷயத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நண்பர் கதைதான். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் கருவி, முதலில் கிளப்பு பேட்டரிக்குக் கொடுக்கும். வோல்ட்டேஜ் ஏறக்குறைய 13.3ஐத் தாண்டியதும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் இரண்டு பேட்டரியையும் இணைக்கும். எஞ்சின் நின்று வோல்ட்டேஜ் இறங்கியதும் பிரித்துவிடும். இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் இரண்டையும் குடித்துவிடும். புது வண்டிகளில் பெட்ரோல் டீசல் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரே வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்கிறது. எஞ்சின் நின்றுவிட்டது என்று ரிலே ஏமாந்துபோகும். அதற்காகவே, குறைந்த வோல்ட்டேஜையும் வேண்டிய அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜரை நடுவில் வைக்கிறார்கள். கூரையில் சோலார் உண்டு, ஆனால் இங்கிலாந்தின் டிசம்பர் வெயிலை நம்பி ஃபிரிட்ஜைப் போட முடியாது.

சார்ஜ் ஏற்ற மூன்றாவது வழி, முகாமிலோ வீட்டிலோ 230 வோல்ட் ஒயரைச் சொருகுவது. நண்பர் செய்தது இதைத்தான். பல வண்டிகளில் அந்த சார்ஜர் புழங்கு பேட்டரிக்கு மட்டுமே கொடுக்கும். கிளப்பு பேட்டரியிலிருந்தோ அலாரமும் கதவுப் பூட்டின் ரிசீவரும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, நாலு வாரத்தில் 33க்கு மேல். 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி போயிற்று, அதுவும் குளிரில்.

புழங்கு பேட்டரி நிரம்பியதும் மிச்சத்தைக் கிளப்பு பேட்டரிக்குத் தள்ளிவிடும் சின்னப் பெட்டி ஒன்று கிடைக்கிறது. நண்பர் அதை வாங்கிப் பொருத்தினார். அப்புறம் வண்டியை ஒரு ராத்திரி சும்மா விட்டு, காலையில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்துப் படம் அனுப்பினார். இரண்டிலும் 12.7. பாதிதான் இருக்கிறது என்றால் 12.2 காட்டியிருக்கும். படத்தின் ஓரத்தில், பேட்டரி மேல் ஒட்டிய டேப்பில் பேனாவால் 'கிளப்பு' என்று எழுதியிருந்தது.