பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்

போன மாதம் ஒரு காலை, என் மோட்டார் பட்டறையைத் திறந்த கையோடு ஓர் அக்கா தன் ஹோண்டா வேவ் மோட்டார்சைக்கிளோடு வந்து நின்றார். பிறையிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்வருபவர். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். "பாலத்துல ஏறும்போது எஞ்சின் கத்துது தம்பி, மோட்டார் போகமாட்டேங்குது" என்றார். வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். எஞ்சினைப் பிரிக்க வேண்டும், 600 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்களாம்.

கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினீர்கள் என்று கேட்டேன். இரண்டு வாரத்துக்கு முன்னால். என்ன எண்ணெய்? தெரியாது. போத்தலைப் பார்க்கவில்லை, பில்லும் இல்லை. இந்தக் கோளாறு தொடங்கியது எப்போது? யோசித்துப் பார்த்து, "அதுக்கு அப்புறம்தான்" என்றார்.

வேவ் போன்ற சின்ன மோட்டாரை இங்கே கப்சாய் என்போம். அதில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். கார் எண்ணெய் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பார்கள். எஞ்சினுக்கு அது நல்லது. ஆனால் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் சக்கரத்துக்குச் சக்தி போகும், அங்கே உராய்வு வேண்டும். அதனால்தான் மோட்டார்சைக்கிள் எண்ணெய்ப் போத்தலில் 'ஜாசோ எம்ஏ' (JASO MA) என்ற ஜப்பானியத் தரக்குறி அச்சடித்திருக்கும். 'எம்பி' என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு உரியது, கப்சாய்க்கு ஆகாது. உள்ளே கிடந்தது என்ன எண்ணெய் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதை வடித்துவிட்டு எம்ஏ ஊற்றினேன். எஞ்சினின் வலது மூடியில் கிளட்ச் சரிசெய்யும் திருகாணி இருக்கிறது, அதையும் சரிபார்த்தேன். அக்காவையே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். எஞ்சினைப் பிரிக்கத் தேவைப்படவில்லை.

எண்ணெய் மாறிப்போவது யாருக்கும் நடக்கக்கூடிய தவறு. எனக்கு மனசு கேட்காதது வேறு. அந்த அக்காவிடம் யாரும் எதையும் காட்டவில்லை, எதையும் சொல்லவில்லை. 600 வெள்ளி அவருக்குச் சின்னக் காசு அல்ல. மோட்டார் இல்லாவிட்டால் வேலைக்கே போக முடியாது.

நான் தொழில் கற்றது புக்கிட் மெர்தாஜாமில், ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம். 1994-இல் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் மோட்டாரிலிருந்து கழற்றிய சாமான் கழுவுவதுதான் வேலை. தவுக்கே விலை சொல்லாமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். ஒரு வேலைக்குப் பிரிக்கும்போது வேறு பழுது கண்ணில் பட்டால் அப்படியே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவார். "தெங்கோக் டுலு" என்பார், முதலில் பார் என்று. மாற்றிய பழைய சாமானைப் பழைய பேப்பரில் சுற்றி ஹேண்டலில் மாட்டிவிடுவார். ஆள் அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாலும் சரி, வீடு வரை போக வேண்டும்.

அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சொந்தக் கடை போட்ட புதிதில் ஒருவருக்குப் பின் பிரேக் ஷூ மாற்றினேன். பழையதை அன்றே வீசிவிட்டேன். மறுநாள் வந்து, "மாத்துனியா இல்லையா?" என்று கேட்டார். மாற்றியிருந்தேன். ஆனால் காட்ட என் கையில் ஒன்றுமில்லை. அவர் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவேயில்லை. பழைய சாமான் போமனுக்கும், அதாவது மெக்கானிக்குக்கும், சாட்சி என்று அன்று தெரிந்தது.

பழைய சாமான் கைக்கு வந்தால் பார்க்கத் தெரிய வேண்டுமல்லவா? பிரேக் ஷூவைப் புதியதன் பக்கத்தில் வைத்தால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். மாற்றுவதற்கு முன்பேகூடத் தெரிந்துகொள்ளலாம். ஹோண்டா கப்சாயின் பின் டிரம் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி உண்டு. பிரேக்கை முழுவதும் மிதிக்கும்போது அது பக்கத்திலுள்ள குறியைத் தொட்டால் ஷூ முடிந்தது. தொடவில்லையென்றால், ஏன் மாற்றச் சொல்கிறீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள்.

செயினுக்கும் வழி இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, பின் ஸ்ப்ராக்கெட் என்கிற பற்சக்கரத்தின் பின்புற நடுவில் செயினைப் பிடித்து இழுங்கள். பல் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் நீண்டுவிட்டது. பல்லின் வடிவத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து கொக்கிபோல வளைந்திருந்தால் ஸ்ப்ராக்கெட்டும் போய்விட்டது. அப்படிப்பட்ட பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும். முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதனால்தான். காசு பறிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பல்லைக் காட்டச் சொல்லுங்கள், காட்டினால் நம்புங்கள்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. எண்ணெய் மாற்றும்போது போத்தலை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். 100 சிசி ஹோண்டா இஎக்ஸ்5-க்கு எண்ணெய் மாற்றும்போது 700 மில்லிலிட்டர்தான் வேண்டும், ஒரு லிட்டர் போத்தலை முழுவதும் கவிழ்க்கக் கூடாது. மீதி உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

அசல் சாமானா, காப்பியா என்பதில் ஒரு வார்த்தை. காப்பி போடுவது குற்றமில்லை, எல்லாராலும் அசல் வாங்க முடியாது. காப்பியைப் போட்டு அசல் விலை வாங்குவதுதான் குற்றம். பெட்டியைக் காட்டினால் அந்தச் சண்டையே வராது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சாமானுக்கு மட்டுமல்ல, பழுது பார்க்கும் வேலைக்கும் பொருந்தும். வேலையை அக்கறையோடும் திறமையோடும் செய்து கொடுக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுக் கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கையில் பில் வேண்டும். நம்மில் பலர் "பரவாயில்லண்ணே" என்று பில் வாங்காமலே போய்விடுகிறோம். தெரிந்த கடைதானே என்ற கூச்சம். நான் பில் எழுதிக் கொடுத்தால் சிலர் சங்கடப்படுகிறார்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை, அதில் என் கையெழுத்து இருக்கிறது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் அதிகமானோர் மோட்டாரில் போனவர்கள். எங்கள் ஆட்கள் விடியற்காலை இருட்டில் 13.5 கிலோமீட்டர் பாலத்தில் லாரிகளுக்குப் பக்கத்தில் போகிறார்கள். மழையோடு கடல்காற்றும் சேர்ந்தடிக்கும்போது அந்தப் பாலத்தின் நடுவில் செயின் அறுந்தால் என்ன ஆகும் என்பதை, திருகாணியை முறுக்கும்போது போமன் நினைத்துப் பார்க்க வேண்டும். நான் நினைக்கிறேன்.

மோட்டாரை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக என் மேசைக்குக் கீழே ஒரு பெரிய பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன். கழற்றிய சாமானைப் பேப்பரில் சுற்றி, வண்டி நம்பரை எழுதி அதில் போட்டுவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கும். அந்த அக்காவின் மோட்டாரிலிருந்து வடித்த எண்ணெயையும் ஒரு போத்தலில் ஊற்றி, அதே டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போனார், முதலில் காட்டிய பட்டறையில் கேட்கப் போவதாகச் சொன்னார்.