குறித்த இடத்தில் மீன் இல்லை என்றால்

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கடலூர் துறைமுகத்தில் ஃபைபர் படகுக்காரர் ஒருவர் என்னை மறித்துக்கொண்டார். "நீங்கள் சொன்ன இடத்துக்கே போனோம் சார். டீசல் செலவுதான் மிச்சம்." கைப்பேசியை நீட்டினார். மீன் இருக்கக்கூடிய இடத்தைச் சொல்லி முந்தைய நாள் நான் அனுப்பிய செய்தி. திசை, தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் சரியாக இருந்தன. தவறு என்னுடையது. அந்தப் புள்ளி நகரும் என்பதை நான் அழுத்திச் சொல்லியிருக்கவில்லை.

செயற்கைக்கோளுக்கு மீன் தெரியாது. மேல்நீரின் வெப்பமும் அதிலுள்ள பச்சையமும்தான் தெரியும். அவற்றை வைத்து, குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சேரும், மீன் கூடக்கூடிய விளிம்பை ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் குறித்துத் தருகிறது.

வெயில் கொளுத்தும் மாதத்தில் குளிர்ந்த நீர் எங்கிருந்து வருகிறது? தென்மேற்குக் காற்று வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றுக்கு வலப்புறமாக ஒதுங்கும். நம் கரைக்கு அது கிழக்கே, ஆழ்கடல் பக்கம். அந்த இடத்தை நிரப்ப அடிநீர் மேலேறி வருகிறது. கூடவே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளிச்சத்துக்கு வர, நுண்பாசி பெருகித் தண்ணீர் பச்சை தட்டும். மத்தி, கவலை மீன்கள் மேய வரும். அடிநீர் மேலேறுவதில் கேரளக் கரையில் இருக்கும் வேகம் இங்கே கிடையாது. ஆறுகள் கொட்டும் நன்னீர் வங்கக் கடலின் மேல் மூடிபோலக் கிடந்து அடிநீரை அமுக்குகிறது. அதனால் நமக்குக் கிடைக்கும் விளிம்பு மெலிந்தது, சீக்கிரம் கலைவது.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நம் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பிவிடும். வினாடிக்கு கால் மீட்டர் என்ற மெதுவான ஓட்டம்கூட 12 மணி நேரத்தில் 10 கிலோமீட்டருக்கு மேல் விளிம்பை நகர்த்திவிடும். மாலையில் வந்த செய்தியைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் அதே புள்ளியில் வலை விட்டால் வேறென்ன கிடைக்கும்?

படகுக்காரரிடம் இந்தக் கணக்கைத் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "திரும்பும்போது வாடைப் பக்கம் நுரையும் பாசியும் கோடு கட்டிக் கிடந்தது சார். கையை விட்டால் ஒரு பக்கம் சில்லென்று இருந்தது. வலையை அதற்குள் சுருட்டிவிட்டோம், வயிறு எரிந்ததுதான் மிச்சம்."

அதேதான் விளிம்பு. மேகம் மூடிய நாட்களில் விளிம்பைக் காட்டும் அளவுக்குச் செயற்கைக்கோளால் வெப்பத்தை நுணுக்கமாக அளக்க முடியாது. அன்றைக்கு நுரைக்கோடும் நனைத்த கையும்தான் செய்தி. கயிற்றில் கட்டிய ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கு ஒன்று கொடுத்தேன். அடுத்த வாரம் பார்த்தபோது அது படகின் முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.